காலுக்கு நான் பொறுப்பு

கொலு வைக்கிற வீட்டில் ஆண்பிள்ளைக்கு உள்ள வேலை கொஞ்சம்தான். பரணிலிருந்து பெட்டியை இறக்க வேண்டும், படிக்குப் பலகை அடுக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு அதே பெட்டியை அதே பரணில் ஏற்ற வேண்டும். நடுவில் ஒன்பது நாளும் சுண்டலைத் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த எல்லையைத் தாண்டிக் கைவைத்தவன் நான். அதனால் என்ன ஆனது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு பங்கு சேர்த்தே சொல்வார்கள். அதைவிட நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது நல்லது. மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். செய்ததில் பாதி தப்பு. மீதிப் பாதியை இன்றைக்கும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

எனக்குச் சின்ன காஞ்சிபுரம். பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். படிப்பு எட்டாவது. பெயர் வரதராஜன், மனைவி பெயர் பெருந்தேவி. கோயில் பெருமாள் பெயரும் தாயார் பெயரும் அப்படியே அமைந்துவிட்டதே என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். எங்கள் தெருவில் "வரதா" என்று கூப்பிட்டால் ஆறு பேர் திரும்புவார்கள். "பெருந்தேவி" என்றால் குழாயடியே திரும்பும்.

கருட சேவையன்று பெருமாளைத் தோளில் சுமக்க வேண்டும் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருந்த ஆசை. ஆசைப்பட்டவனெல்லாம் போய்த் தோள் கொடுக்கிற இடம் இல்லை அது, அதற்கென்று ஆட்கள் உண்டு, முறை உண்டு. ஆனாலும் இளவயதில் ஒரு தடவை போய்க் கேட்டுப் பார்த்தேன். அங்கே இருந்த பெரியவர் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். (ரொம்ப நேரம் ஆகவில்லை. ஐந்தடி ஒரு அங்குலம்தான்.) "உன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவுல தலகாணி வைக்கணும்பா" என்றார். சிரிக்காமல் சொன்னார், அதுதான் வலித்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் வைகாசியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, சுமக்கிறவர்களின் கால்களைத்தான் பார்ப்பேன். என் உயரத்துக்கு அதுதான் நன்றாகத் தெரியும்.

இந்தக் கதைக்கு வேண்டிய பொம்மைகளை இப்போது சொல்லிவிடுகிறேன். என் மாமியார் வைத்திருந்த கருட சேவை செட். கருடன் மேல் பெருமாள், தண்டோடு சேர்ந்து ஒரு உருப்படி. தாங்குகிறவர்கள் எட்டு பேர், சாண் உயரம். குடை பிடிப்பவர் இருவர், நாயனம், தவில், தீவட்டி. ஆக மொத்தம் பதினாலு. எல்லாம் காகிதக் கூழில் செய்தவை. (இந்தக் காகிதம் என்கிற விஷயத்தை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.) மாமியார் காலமான பிறகு இந்தப் பதினாலு பேருக்காக அவருடைய ரெண்டு பெண்களும் மூன்று வருஷம் பேசிக்கொள்ளவில்லை. என் பெருந்தேவி இளையவள். மூத்தவள் கோமளா, தென்னேரியில் வாழ்க்கைப்பட்டவள். சொந்தத் தங்கை வீட்டு வாசலைத் தாண்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள், உள்ளே வரமாட்டாள். கடைசியில் கோமளாவின் வீட்டுக்காரர், அதாவது என் சகலை, அதிகம் பேசாத விவசாயி, ஒரு நாள் வாயைத் திறந்து, ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று முடித்து வைத்தார். முதல் வருஷம் தென்னேரி. மறு வருஷம் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. மூடியின் உள்பக்கம் சாக்பீஸில் கோமளா எழுதியிருந்தாள்: "14 உருப்படி. ஒரு குறையும் இல்லை."

அந்த எழுத்தைப் பார்த்துப் பெருந்தேவி அழுதாள். அக்கா தன்னை நம்பிவிட்டாள் என்று. நான் அந்த நேரத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செல்போனில் என்ன பார்த்தேன் என்றால், வெளிநாட்டில் சில பேர் விரல் உயரத்துக்குப் போர்வீரன் பொம்மை வைத்துக்கொண்டு, கண்ணுக்கு இமை உட்பட வர்ணம் தீட்டுகிறார்கள். அது பெரிசில்லை, நம் ஊரிலும் தீட்டுவார்கள். அதற்குப் பிறகு அவன் நிற்பதற்கு இடம் செய்கிறார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிடி மண், ரெண்டு கல், ஒரு காய்ந்த வேர், புல். அந்தப் புல் என்னவென்று பார்த்தால் சாயம் போட்ட மரத்தூள்! அவர்கள் பேசினது ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. கையைத்தான் பார்த்தேன். அதுவரைக்கும் வெறும் பொம்மையாக நின்றவன், காலுக்குக் கீழே மண் வந்ததும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பவன் ஆகிவிட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ பெயர் தெரியாத சிப்பாய்க்கு இத்தனை மரியாதை. நம் வீட்டில் பெருமாள் கருடன் மேல் ஏறி வருகிறார், காலடியில் என்ன? வெள்ளை வேட்டி விரித்த மரப்பலகை. வீதி எங்கே?

இதைப் பெருந்தேவியிடம் கேட்டேன். "இத்தினி வருசமா அவரு வேட்டி மேலதான் நிக்கிறாரு, ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு இன்னா வந்துச்சி?" என்றாள். பெருமாள் கேட்டுத்தான் செய்வதா, நாமாகச் செய்ய வேண்டாமா என்றேன். பக்தியில் அவளை மடக்கினால் மடங்குவாள் என்பது எனக்குத் தெரியும். மடங்கினாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். சரஸ்வதி பூஜையன்று அக்காவும் மாமாவும் வருகிறார்கள். பொம்மை எப்படி வந்ததோ அப்படியே அக்கா கண்ணில் பட வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி மூன்று வருஷம், இல்லை, இந்தத் தடவை ஜென்மத்துக்கும் பேச்சு இருக்காது.

"வரதன் மேல சத்தியம்" என்றேன். விளையாட்டுக்குச் செய்கிற சத்தியம் இல்லை அது எங்கள் ஊரில்.

அடிப்பலகை தந்தவர் அன்வர் பாய். மரம் அறுக்கும் பட்டறை வைத்திருக்கிறார், எனக்குச் சின்ன வயதுக் கூட்டாளி. நாலடிக்கு ரெண்டடிப் பலகையும் ஒரு மூட்டை மரத்தூளும் கொடுத்தார். பழைய சாக்கைச் சிமெண்டுப் பாலில் நனைத்து, செங்கல் துண்டுகள் மேல் போர்த்தி, எங்கள் கோயில் இருக்கிற அத்திகிரி மலை செய்தேன். உடைந்த கண்ணாடியில் குளம். துடைப்பக் குச்சியில் மரம், அதற்கு இலையாகப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைக் கிள்ளிச் சாயத்தில் முக்கி ஒட்டினேன். வீதிக்கு மட்டும் கண்ட மண்ணைப் போடவில்லை. அந்த வைகாசியில் பெருமாள் போன பிறகு, தாங்கிகள் கால் பட்ட இடத்தில் ரெண்டு கை மண் அள்ளி பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். எதற்கு அள்ளினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அந்த மண்ணைச் சலித்து வீதி போட்டேன்.

அப்புறம் புல். இங்கேதான் என் தொழில் கர்வம் வந்து உட்கார்ந்தது. முப்பது வருஷமாகச் சாயம் போடுகிறேன், நான் போட்ட நிறம் போனது என்று ஒரு புடவை திரும்பி வந்ததில்லை. மரத்தூளுக்குக் கடையில் பச்சை வாங்குவேனா? பட்டுக்குப் போடுகிற சாயத்திலேயே கிளிப்பச்சை கலந்து கொதிக்கவிட்டேன். பட்டு நூலுக்கு ஒரு குணம் உண்டு. சாயத்தைக் குடித்துவிடும். கடைசியில் தொட்டித் தண்ணீர் வெளுத்துப்போய், நிறம் முழுக்க நூலுக்குள் போய்விடும். மரத்தூளை எடுத்த பிறகும் என் தொட்டித் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. எங்கள் தொழிலில் கைக்குழந்தைக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும். நான் என்ன நினைத்தேன்? சாயத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்தேன். மரத்தூள் சாயத்தைக் குடிக்கவே இல்லை, வாயில் வைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் படட்டும், துப்பலாம் என்று.

தண்ணீர் ஏன் படப்போகிறது என்பீர்கள். சொல்கிறேன். முதல் நாள் கொலுவைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. சாதாரணமாக ஒரு சுண்டலோடு போகிறவர்கள் வீதியைப் பார்க்க ரெண்டாவது தடவை வந்தார்கள். மறுநாள் காலை குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு கொலு முன்னால் நின்றேன். வீதி காய்ந்து வெளிறிக் கிடந்தது. பெருமாள் புறப்பாடு என்றால் எங்கள் தெருவில் என்ன செய்வோம்? வாசல் தெளித்துக் கோலம் போடுவோம். தெளிக்காத தெருவில் பெருமாளை வரவிட்டதாக எங்கள் வம்சத்தில் பெயர் கிடையாது. பெருந்தேவி துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்க ஒரு பாட்டில் வைத்திருப்பாள். அதை எடுத்து, வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெளித்தேன். மண் வாசனை வந்தது. கண்ணில் நீர் வந்தது. தினமும் காலையில் தெளித்தேன். ஊசியால் கோலம்கூடப் போட்டேன்.

இப்போதும் சொல்கிறேன், அந்தத் தெளித்தல் தப்பில்லை. சாயம்தான் தப்பு.

நாலாம் நாள் பெருந்தேவி குனிந்து பார்த்து, தாங்குகிறவர்கள் பாதமெல்லாம் பச்சையாக இருக்கிறதே என்றாள். புல்லில் நடந்தால் ஒட்டாதா என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். (என் கை எப்போதுமே ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும் என்பதால் அதில் ஒன்றும் தெரியவில்லை.) ஐந்தாம் நாள் அன்வர் பாய் சுண்டலுக்கு வந்தார். வருஷா வருஷம் வருவார். பலகையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார், உள்ளே ஈரம்.

"வரதா, இவங்கல்லாம் காயிதம்பா. மரமா இருந்தாகூட நான் பயப்படுவேன்."

"தெளிக்காம பெருமாள எப்படி பாய் வரவெப்பேன்?"

அவர் நகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். "அது உனக்கும் அவருக்கும் உள்ள விசயம். ஆனா ஊறும், பாத்துக்கோ" என்று சொல்லி, கடலையை வாயில் போட்டுக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொள்ளவில்லை. பக்திக்கும் பிடிவாதத்துக்கும் நடுவில் ஒரு நூல்தான் வித்தியாசம். எனக்கு நூலில் முப்பது வருஷ அனுபவம் இருந்தும் அது தெரியவில்லை.

ஆறாம் நாள் பச்சை கணுக்கால் ஏறியது. எட்டாம் நாள் வேட்டிக் கரையைத் தொட்டது. பூசினதுபோல் இல்லை, திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஒழுங்காக, எட்டு பேருக்கும் ஒரே உயரத்தில் ஏறியது. ஒன்பதாம் நாள் காலை பார்க்கிறேன், முன்வரிசையில் ரெண்டு பேர் முழங்கால் மடங்கி, சேவிக்கப் போகிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள். பெருமாள் முன்பக்கமாகச் சாய்ந்து குளத்தை எட்டிப் பார்க்கிறார். அன்றைக்கு ஆயுத பூஜை வேறு. என் சாயக் கொப்பரைக்குச் சந்தனப் பொட்டு வைத்தபோது அதன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பெருந்தேவி அடுப்படியில் இருந்தாள். நான் குடைக்காரர் ஒருவரின் கையிலிருந்த துணிக் குடையை உருவி, அதன் காம்பைக் கருடனின் இறக்கைக்கும் தண்டுக்கும் நடுவில் செருகி, மண்ணில் ஊன்றி முட்டுக் கொடுத்தேன். பெருமாள் நிமிர்ந்தார். ஆனால் குடை இறங்கிவந்து அவர் முகத்தை மறைத்துவிட்டது. அப்போது என் மூளையில் ஒரு வெளிச்சம் அடித்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கருட சேவையன்று கோபுர வாசலில் ஒரு கணம் குடையால் பெருமாளை மறைப்பார்கள். ஒரு காலத்தில் வருஷம் தவறாமல் சேவிக்க வந்துகொண்டிருந்த சோளிங்கபுரத்துப் பக்தர் ஒருவர், முதுமையில் வர முடியாமல் தன் ஊர்க் குளக்கரையிலேயே நின்று ஏங்கினாராம். பெருமாள் அங்கேயே போய்க் காட்சி கொடுத்தாராம். அதற்காக அந்த ஒரு கணம். குடைக்குள் அப்போது பெருமாள் இல்லை, வர முடியாதவரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு சாக்கு கிடைக்காது. எனக்குக் கிடைத்தது. பெருமாளே கொடுத்தார் என்று நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நம்பினேன்.

மத்தியானம் கோமளா வந்தாள், பின்னால் சகலை. தாம்பாளம் நிறையப் பூவும் பழமும். அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார்கள். அப்புறம் கொலு முன்னால் வந்து கோமளா நின்றாள். மலையைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள், வீதியைப் பார்த்து வாயில் கைவைத்தாள். "தம்பி, நம்ம தெருவேதான் இது" என்றாள். அப்புறம்தான் குடையைக் கவனித்தாள்.

"இது வந்து, குடை மறைக்கிற எடம்க்கா. கோபுர வாசல்" என்றேன்.

கோமளா என்னைவிடப் பக்தி உள்ளவள். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சட்டென்று இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒரு கணம் போயிற்று. இன்னொரு கணம் போயிற்று. அவள் கண்ணைத் திறந்தாள், குடை அங்கேயே இருந்தது. கூப்பின கையை எடுக்காமல் காத்திருந்தாள். நான் கூரையைப் பார்த்தேன். சகலை என்னைப் பார்த்தார்.

"எடுங்க தம்பி, சேவிக்கணும்" என்றாள் கோமளா.

"இன்னும் சோளிங்கபுரத்துலேர்ந்து வரல போலருக்குது" என்றார் சகலை.

பெருந்தேவி என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. கோமளா தானே குனிந்து, ரெண்டு விரலால், மரியாதையாக, குடையை எடுத்தாள்.

சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம். ஊறின காகிதத்துக்கு ஒடியத் தெரியாது. முன்னால் இருந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக முழங்காலில் மடங்கினார்கள். பின்னால் இருந்த நாலு பேர் அவர்களைப் பார்த்து மடங்கினார்கள். தீவட்டிக்காரர் மல்லாந்தார். கருடன் குளத்துக்குள் பறந்தார். கண்ணாடியில் மோதுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நான் பாய்ந்து தண்டோடு பெருமாளைப் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிடித்துவிட்டேன். பெருமாளுக்கும் கருடனுக்கும் ஒரு பொட்டு உதிரவில்லை.

கீழே வைக்கப் பார்த்தேன். "வைக்காதீங்க, ஈரம்" என்று அக்காவும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள். படியில் இடம் இல்லை. தரையில் வைத்தால் நிற்காது, தண்டு நீளம், தாங்க ஆள் வேண்டும். தாங்க வேண்டிய எட்டு பேரும் புல்லில் கிடந்தார்கள். ஆகவே நான் நின்றேன். ரெண்டு கையாலும் தண்டைப் பிடித்து, தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

கோமளா கீழே உட்கார்ந்து ஒவ்வொருவராக எடுத்தாள். முந்தானையால் காலைத் துடைத்தாள், கால் முந்தானையோடு வந்தது. அவள் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மீதிப் பேரைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். நாயனக்காரர், தவில்காரர், குடைக்காரர்கள். "இது இனிமே இந்த வூட்டுக்கு வராது, பெருந்தேவி. நீயும் வரவேணாம்" என்றாள், மூடியைப் பார்த்துக்கொண்டு.

ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று நிபந்தனை போட்டவள் பெருந்தேவி. அவளும் சேர்ந்து திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அவரு தண்ணி தெளிச்சது உனக்கோ எனக்கோ இல்லக்கா. பெருமாள் வர்ற வீதின்னு தெளிச்சாரு. நம்ம அம்மா எத்தினி வருசம் இத வெச்சாங்க, ஒரு நாளாவது தெளிச்சாங்களா? நீ தெளிச்சியா?"

கோமளாவின் கை நின்றது. எனக்குத் தோள் நடுங்க ஆரம்பித்தது, ஆனால் அதைச் சொல்லுகிற நேரம் இல்லை.

மூடியைக் கீழே வைத்துவிட்டு கோமளா கேட்டாள். "எல்லாஞ் சரி. காலுக்கு யாரு பொறுப்பு?"

"காலுக்கு நான் பொறுப்புக்கா" என்றேன். குரல் கொஞ்சம் சின்னதாக வந்தது.

அந்த நேரம் பார்த்து வெற்றிலைபாக்கு வாங்கத் தெருப் பெண்கள் ஏழெட்டு பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் பார்த்தது என்ன? ஒரு மனிதன், வெற்று மார்பு, பன்னிரண்டு திருமண், முழங்கை வரை கிளிப்பச்சை, பெருமாளைத் தூக்கிக்கொண்டு கொலு நடுவில் நிற்கிறான். இது இந்த வருஷத்துப் புதுமை என்று நினைத்தார்கள். ஒருத்தி பாட ஆரம்பித்தாள். அவள் முடித்தால் அடுத்தவள். கோமளாவும் பெருந்தேவியும் வேறு வழியில்லாமல் குங்குமம் கொடுத்தார்கள். முக்கால் மணி நேரம். ஒரு அம்மாள் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சகலை மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு, கீழே கிடந்த பச்சைக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"முழங்கால் அளவு. ஏரி கலங்கல்ல எறங்கி வந்தவன் காலு இப்படித்தான் இருக்கும், பாசி புடிச்சி."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. அன்றைக்கு என் கண்ணில் நீர் வழிந்ததற்கு எல்லாரும் கைவலி என்று காரணம் சொல்கிறார்கள். கைவலியும் உண்டு. ஆனால் தலைகாணி வைக்காமல் பெருமாள் என் தோள் உயரத்துக்கு வந்திருந்தார். அதை இந்த வீட்டில் யாரிடம் சொல்ல?

கால் இல்லாமல் பெட்டி வேண்டாம் என்று அதை விட்டுவிட்டுத்தான் கோமளா ஊர் திரும்பினாள். மறுவாரம் எட்டு பேரையும் வெயிலில் காயவைத்து அன்வர் பாயின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். முழங்காலுக்குக் கீழே எதுவும் தேறாது, நேராக அறுத்துவிடலாம் என்றேன். பாய் ரம்பத்தை என் கையில் கொடுத்தார். "நான் மரம்தான்பா அறுப்பேன். மனுசன் காலு நீயே அறு" என்றார். அறுத்தேன். பிறகு ரெண்டடிப் பலகையில் எட்டுக் குழி வைத்து, எட்டு பேரையும் முழங்கால் வரை அதில் இறக்கினேன். சுற்றிலும் அதே வைகாசி மண். அதன் மேல் பாய் கொடுத்த வார்னிஷைக் கரண்டி கரண்டியாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது என்று ஊற்றினேன். நுரைக்குப் பஞ்சை நூலாகப் பிரித்து ஒட்டினேன். இருபது பூச்சில் ஆறு வந்துவிட்டது. வார்னிஷ் கொஞ்சம் மஞ்சள் தட்டும். வெள்ளம் வரும்போது எங்கள் பாலாறும் அந்த நிறம்தான். தாங்கிகள் எட்டு பேரும் முழங்கால் தண்ணீரில் பெருமாளைச் சுமந்துகொண்டு அக்கரை போகிறார்கள்.

கருட சேவையில் பெருமாள் ஆற்றில் இறங்குவதே கிடையாதே என்று விஷயம் தெரிந்த ஒருவர் ஆட்சேபித்தார். ஊர்ப் பெருமாள் இறங்கமாட்டார், எங்கள் வீட்டுப் பெருமாள் இறங்குவார் என்று சொல்லிவிட்டேன். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அபூர்வம், ஓடுகிற ஒரு வீட்டிலாவது அவர் நனையட்டுமே.

தை பிறந்ததும் பெட்டியையும் ஆற்றையும் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் தென்னேரிக்குப் போனோம். கூடத்தில் எல்லாவற்றையும் பொருத்தி வைத்தேன். கோமளா வெகுநேரம் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள். விரலால் தண்ணீரைத் தொட்டு, விரலைப் பார்த்தாள், ஈரம் இல்லை. அப்புறம் குனிந்து, குடையை லேசாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "இருக்காரு" என்றாள். பெருந்தேவிதான் முதலில் சிரித்தாள். மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள் அன்று சிரித்ததில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. கிளம்பும்போது பெட்டி மூடியைத் திறந்து, பழைய எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸில் கோமளா புதிதாக எழுதினாள்: "14 உருப்படி. காலுக்குத் தம்பி பொறுப்பு."

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது எதையாவது மறைத்தால், பால் பாத்திரம் அடி பிடித்தாலும் சரி, பரீட்சை மார்க் குறைந்தாலும் சரி, "குடைய எடு, சேவிக்கணும்" என்பார்கள். சொல்லட்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அந்தப் பதினாலு பேர் எந்த வீட்டுக்குப் போனாலும் என் மண் இல்லாமல் அவர்களால் நிற்க முடியாது. ஆண்பிள்ளைக்குக் கொலுவில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் வந்து அந்தப் பலகையை எடுத்துவிட்டுப் பெருமாளை நிறுத்திக் காட்டட்டும்.

இந்த வருஷம் தென்னேரி முறை. மகாளய அமாவாசையன்று காலையில் பலகையைத் துண்டில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, பலகையை மடியில் வைத்துக்கொண்டேன். நடத்துநர் நின்று, மடியில் என்ன என்று கேட்டார். "பாலாறு" என்றேன். ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, ஒரு ஆளுக்கு மட்டும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

தென்னேரியில் இறங்கும்போது சகலை வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். கையைக்கூட நீட்டவில்லை, வருஷா வருஷம் கேட்பதைக் கேட்டார்.

"ஆத்துல தண்ணி எவ்ளோ தம்பி?"

"முழங்கால் அளவுண்ணா" என்றேன். "பயப்படாம எறங்கலாம்."